பத்தாவது நிமிடத்தில் என்ன செய்வது?

பழைய பொருட்களை விற்கும் செயலிகளில் 'ட்ரெட்மில்' என்று தேடினால், சென்னை, கோவை, மதுரை என எந்த ஊரைப் போட்டாலும் விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்கும். 'வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது', 'அதிகம் பயன்படுத்தவில்லை', 'இடம் இல்லாததால் விற்கிறோம்'. பழுதாகி விலைக்கு வருபவை இவற்றில் குறைவு. மோட்டார் நன்றாக ஓடுகிறது, பெல்ட் தேயவில்லை, திரையின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட சிலர் உரிக்கவில்லை. வாங்கியவரின் ஆர்வம் மட்டும்தான் தீர்ந்துபோயிருக்கிறது.

வாங்கும்போது எல்லாருக்கும் நல்ல காரணம் இருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருப்பார். வெளியே நடக்கலாம் என்றால் நடைபாதையில் பைக் நிற்கும், தெருமுனையில் நாய்க் கூட்டம். மே மாதத்தில் காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும்; நவம்பரில் மழை. பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றி, சமையலை முடித்து நிமிரும் பெண்ணுக்குத் தனக்கென்று கிடைக்கும் நேரமோ பகல் பதினொன்றரை மணி. வீட்டுக்குள்ளேயே ஒரு மெஷின் இருந்தால் நல்லது என்று நினைப்பதில் தவறே இல்லை. முதல் வாரம் குடும்பமே முறை வைத்து ஏறும். இரண்டாவது வாரத்தில் அந்தப் பத்தாவது நிமிடம் தலைகாட்டத் தொடங்கும். திரையில் 9:40 என்று இருக்கிறது. வெகுநேரம் நடந்தாயிற்று என்று நினைத்து மறுபடி பார்த்தால் 9:58.

உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்த ஒருவருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். ஐந்து நாளாகப் பிரித்தால் நாளொன்றுக்கு அரை மணி. கேட்கச் சிறிய கணக்குதான். ஆனால் 2024இல் 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த அளவைத் தொடவில்லை என்கிறது. அரை மணி நேரத்தைத் தாக்குப்பிடிக்க உடலில் வலு இருக்கிறது. மனம்தான் பத்தாவது நிமிடத்தில் இறங்கிவிடுகிறது.

இதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. சலிப்பு இந்த இயந்திரத்தின் பிறவிக் குணம்.

1818இல் இங்கிலாந்தில் வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர், சிறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் கைதிகளுக்கு வேலை கொடுக்க ஒரு சக்கரத்தை வடிவமைத்தார். நீளமான பெரிய உருளை, சுற்றிலும் படிகள். கைதிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு படி ஏறுவார்கள், சக்கரம் கீழே சுழலும், அடுத்த படி வரும். முடிவே இல்லாத மாடிப்படி. சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, தண்ணீர் இறைத்தது. பல சிறைகளில் எதையும் செய்யவில்லை, வெறுமனே சுழன்றது. பக்கத்தில் இருப்பவனோடு பேசிவிடக் கூடாதென்று இடையில் தடுப்புப் பலகை வேறு. நியூயார்க் சிறையில் காவல் பணி செய்த ஜேம்ஸ் ஹார்டி 1824இல் இந்தச் சக்கரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கைதிகள் நடுங்குவது உடல் வேதனைக்காக அல்ல, அந்த மாறாத ஒரே சீரான தன்மைக்காக என்பது அவர் நேரில் கண்டு எழுதியது. 1895இல் தண்டனை பெற்ற ஆஸ்கர் வைல்டும் இந்தச் சக்கரத்தில் ஏறியவர். 1898ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் பிரிட்டன் அதைக் கைவிட்டது. பேச்சுத் துணை இல்லை, பார்க்க ஒன்றும் இல்லை, போய்ச் சேர ஓர் இடமும் இல்லை. வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி படுக்கையறை மூலையில் போட்டிருக்கும் ட்ரெட்மில்லுக்கும் இதே மூன்று குறைகள் உண்டு.

அந்தச் சக்கரம் வீட்டுக்குள் வந்த கதை சுருக்கமானது. 1952இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதய மருத்துவர் ராபர்ட் புரூசும் பொறியாளர் வேய்ன் க்விண்டனும் நோயாளிகளைச் சோதிக்க மருத்துவ ட்ரெட்மில்லை உருவாக்கினார்கள். இன்றும் இதய மருத்துவமனைகளில் 'டிஎம்டி' என்று எழுதிக் கொடுக்கும் பரிசோதனை அதன் வழி வந்ததுதான். 1968இல் கென்னத் கூப்பர் எழுதிய 'ஏரோபிக்ஸ்' நூலைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற இயந்திரப் பொறியாளர், சாதாரண வீடுகளில் வாங்கக்கூடிய மெஷின் ஒன்று இல்லையே என்று தானே ஒன்றைச் செய்தார். அவர் 2012இல் தமது 96ஆம் வயதில் காலமானார். ஆக, மெஷினை வீட்டுக்குக் கொண்டுவரும் வேலை அரை நூற்றாண்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. அதன் மேல் நிற்பவரை அரை மணி நேரம் நிறுத்திவைக்கும் வேலைதான் இன்னும் முடியவில்லை.

வெளியே நடக்கும்போது சலிப்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் வருவதில்லை? கண்ணுக்கு முன்னால் உலகம் நகர்ந்துகொண்டே இருப்பதால்தான். மரம் பின்னால் போகிறது, டீக்கடை வருகிறது, எதிரில் வருபவர் தலையசைக்கிறார். இந்தக் காட்சி நகர்வை வைத்துத்தான் நாம் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்று மூளை கணிக்கிறது. பெல்ட்டின் மேல் கால் நடக்கிறது, காட்சியோ அசைவதில்லை. மெஷினை விட்டு இறங்கிய முதல் சில விநாடிகள் தரை வழுக்கிக்கொண்டு போவது போலத் தோன்றுவது இந்தக் குழப்பத்தால்தான். பார்க்க வேறு ஒன்றும் இல்லாதபோது கண் போய் ஒட்டிக்கொள்வது மெஷினிலேயே நகர்கிற ஒரே பொருளில்: கடிகாரத்தில். அனுபவப்பட்ட பலர் ஏறியதும் முதல் வேலையாகத் திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுவார்கள். காசில்லாத வைத்தியம். வியர்வை துடைக்கவும் ஆகும்.

அடுத்த வைத்தியம் காது வழியாக வருவது. இசைக்கும் உழைப்புக்கும் உள்ள தொடர்பை நம் ஊரில் நாற்று நட்ட பெண்களும் ஏற்றம் இறைத்தவர்களும் நன்றாகவே அறிந்திருந்தார்கள். அளந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. அளந்தவர்களில் முன்னோடி லெனார்ட் அயர்ஸ் என்ற அமெரிக்கர். நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தைக் கவனித்து 1911இல் அவர் எழுதிய கட்டுரைப்படி, மைதானத்தில் பேண்டு வாசித்தபோது வீரர்கள் மணிக்கு சராசரியாக 19.6 மைல் வேகத்தில் மிதித்தார்கள். வாசிப்பு நின்றபோது 17.9 மைல்.

அதன்பின் இத்துறையில் அதிகம் உழைத்தவர் லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் கரகியார்கிஸ். மிதமான வேகத்தில் நடக்கும்போதோ மிதிக்கும்போதோ பொருத்தமான இசை கேட்டால், 'எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது' என்ற உணர்வு ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது என்பது அவரும் சக ஆய்வாளர்களும் பல ஆண்டுகளில் கண்டது. உடல் செய்யும் வேலை அதேதான். அதைப் பற்றி மூளைக்குப் போகும் புகார்தான் குறைகிறது. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு, அதைத்தான் விளம்பரங்கள் சொல்வதில்லை. மூச்சு வாங்கி இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியாத அளவுக்கு வேகம் ஏறிவிட்டால், தசையும் நுரையீரலும் போடும் கூச்சலில் பாட்டு எடுபடாது. அந்த நிலையிலும் இசை மனநிலையைக் கொஞ்சம் தூக்கிவிடும், களைப்பை மறைக்காது.

தாளத்தோடு காலைச் சேர்ப்பது இன்னொரு கலை. எத்தியோப்பியாவின் ஹைலி கெப்ரசெலாசி, 1998இல் பர்மிங்ஹாம் உள்ளரங்கில் 2,000 மீட்டர் உலகச் சாதனையை முறியடித்தபோது அரங்கின் ஒலிபெருக்கியில் 'ஸ்கேட்மேன்' என்ற துள்ளல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதன் தாளம் அவருடைய கால் வேகத்துக்குப் பொருந்திவந்ததால் விரும்பிக் கேட்டு வாங்கிய பாட்டு அது. வீட்டில் இதைச் செய்ய ஆராய்ச்சி வேண்டாம். நிமிடத்துக்கு 100 அடி வைத்து நடந்தாலே மிதமான உழைப்பு என்று கொள்ளலாம். கைவீசி விரைந்து நடந்தால் 120, 130. பிடித்த பாட்டைப் போட்டுவிட்டு 15 விநாடிக்குத் தட்டும் தாளத்தை எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். மெலடிகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குக் கீழேயே நின்றுவிடும். குத்துப்பாட்டுகள் கைகொடுக்கும். இந்த ஒரு காரியத்துக்காவது குத்துப்பாட்டைக் குறை சொல்லாமல் இருக்கலாம்.

தமிழ் சினிமாப் பாட்டின் கட்டமைப்பே ஓர் உடற்பயிற்சித் திட்டம் போல இருப்பதையும் கவனிக்க வேண்டும். பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி, மறுபடி இடையிசை, இரண்டாவது சரணம். நாலரை நிமிடத்தில் முடிந்துவிடும். பல்லவிக்கும் சரணத்துக்கும் இயல்பான நடை, இடையிசை வந்ததும் வேகத்தை ஒரு படி கூட்டுவது என்று வைத்துக்கொண்டால், ஆறு ஏழு பாட்டில் அரை மணி கழிந்துவிடும். வேகத்தை ஏற்றி இறக்கிச் செய்யும் இந்த முறையைப் பயிற்சியாளர்கள் இன்டர்வெல் என்பார்கள்.

சிலருக்குப் பாட்டு போதாது. பத்து நாளில் அதே பட்டியல் அலுத்துவிடும். அவர்களுக்குக் கதை வேண்டும்.

இதைப் பற்றி ஒரு சுவையான பரிசோதனை உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேட்டி மில்க்மனும் இரு சக ஆய்வாளர்களும் 226 பேரைச் சேர்த்து மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, கீழே வைக்க முடியாத விறுவிறுப்பான நாவல்களின் ஒலிவடிவம் நிரப்பிய ஐபாடு. அதை ஜிம்மிலேயே பூட்டிவைத்துவிட்டார்கள். அடுத்த அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஜிம்முக்கு வந்தே ஆக வேண்டும். இரண்டாவது குழுவுக்கு நாவல் அவர்களுடைய சொந்தக் கருவியிலேயே; ஜிம்மில் மட்டும் கேளுங்கள் என்று அறிவுரை. மூன்றாவது குழுவுக்குப் பரிசுக் கூப்பன், கதை கிடையாது. தொடக்க வாரங்களில் மூன்றாவது குழுவைவிட முதல் குழு 51 சதவீதமும், இரண்டாவது குழு 29 சதவீதமும் அதிகமாக ஜிம்முக்கு வந்தன. ஆய்வு முடிந்தபின், தங்கள் கதையை ஜிம்மில் பூட்டிவைக்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பணம் கொடுக்கவும் 61 சதவீதம் பேர் தயாராக இருந்தார்கள். 2014இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்கர்களின் நன்றியறிதல் பண்டிகை விடுமுறை வந்து ஒரு வாரம் பழக்கம் அறுந்ததும், அந்த வித்தியாசம் பெருமளவு காணாமல் போனது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தால் என்ன ஆகும் என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

டப்ளினில் ஒரு மின்பொறியியல் மாணவர் இன்னும் ஒரு படி மேலே போனார். தன் எக்ஸர்சைஸ் சைக்கிளைக் கணினியோடு இணைத்து, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மிதித்தால் நெட்ஃப்ளிக்ஸ் படம் நின்றுவிடும்படி நிரல் எழுதிவிட்டார். வில்லன் கதவைத் திறக்கும் நேரத்தில் கால் தளர்ந்தால் திரை உறைந்துவிடும். நம் வீடுகளில் அந்த வேலையை மனைவியோ மகனோ ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மகிழ்ச்சியாகவே செய்வார்கள்.

மில்க்மன் சொன்ன சூத்திரத்துக்குத் தமிழில் சரக்குக்குப் பஞ்சமில்லை. கல்கி 1950களில் வாராவாரம் எழுதிய 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களும் ஒலிவடிவில் கிடைக்கின்றன. அடுத்த இதழை வாங்க வைப்பதற்காக எழுதப்பட்ட தொடர் அது. அத்தியாயம் தோறும் கடைசியில் ஒரு முடிச்சு விழும். அந்த முடிச்சுதான் மறுநாள் மெஷினில் ஏற்றும். ஒரே ஒரு நிபந்தனை: மெஷினை விட்டு இறங்கியதும் கதையை நிறுத்திவிட வேண்டும், முக்கியமான கட்டத்தில் இருந்தாலும். அங்கே விட்டுக்கொடுத்தால் ஏற்பாடு முழுவதும் குலைந்துவிடும். சீரியல் பார்ப்பவர்களுக்கு விளம்பர இடைவேளைதான் வேகம் கூட்டும் நேரம். கிரிக்கெட் ரசிகருக்கு இன்னும் வசதி. டி20 ஆட்டத்தில் பவர்ப்ளேயின் 6 ஓவர் முடிய ஏறக்குறைய அரை மணி ஆகும். ஓவருக்கு ஓவர் வரும் விளம்பரத்தில் வேகத்தைக் கூட்டினால், ஆட்டம் மும்முரமாகும் முன்பே அன்றைய கணக்கு முடிந்துவிடும்.

எந்த மெஷினுக்கு எந்தப் பொழுதுபோக்கு பொருந்தும் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. பாதிச் சலிப்பு இந்தப் பொருத்தக் கோளாறால் வருவது.

எக்ஸர்சைஸ் சைக்கிளில் தலை அசையாது. இடுப்புக்கு மேலே ஏறக்குறைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நிலைதான். கொரியன் தொடரைச் சப்டைட்டிலோடு பார்க்கலாம், கைப்பிடியில் தாங்கி வைத்துப் புத்தகமே படிக்கலாம். ஒரே ஆபத்து, கதை சுவாரசியமானால் கால் தானாக மெதுவாகிவிடும். கண் கதையில் இருக்க, மிதி வேகம் 80இலிருந்து 55க்கு இறங்கியிருக்கும், தெரியவே தெரியாது. ட்ரெட்மில்லில் நடக்கும்போது படம் பார்க்கலாம். ஓடத் தொடங்கினால் தலை மேலும் கீழும் குதிக்கும், எழுத்து கண்ணில் நிற்காது. அப்போது வசனமே தேவைப்படாத கார் துரத்தல், ஆட்டத் தொகுப்பு மாதிரியானவை போதும். துடுப்பு வலிக்கும் ரோயிங் மெஷினில் உடலே முன்னும் பின்னும் போகிறது, கையும் ஓய்வாக இல்லை. அங்கே பாட்டு அல்லது பேச்சுதான். கைப்பிடியைத் தள்ளி இழுத்தபடி நின்றுகொண்டே மிதிக்கும் எலிப்டிக்கல் இவற்றுக்கெல்லாம் நடுவில் வரும்; டெலிஷாப்பிங் காலத்தில் ஆர்பிட்ரெக் வாங்கியவர்களுக்கு இது பழகிய இயக்கம்.

ட்ரெட்மில்லில் இன்னொரு தொல்லை, சத்தம். மோட்டார் இரைச்சலோடு ஒவ்வொரு அடிக்கும் 'தொம் தொம்' என்று பலகை அதிரும். டிவி வசனம் கேட்காது, ஒலியைக் கூட்டுவார்கள், பக்கத்து அறையில் படிக்கும் பிள்ளை கத்தும், கீழ் வீட்டுக்காரர் மாடி ஏறி வருவார். புளூடூத் இயர்போன் இதற்குத் தீர்வு. அதிலும் அளவு வேண்டும்: வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் வரம்பு என்கிறது உலக சுகாதார அமைப்பு. மெஷின் இரைச்சலை அமுக்குவதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் காதுக்குக் கேடு.

மெஷினையே விளையாட்டாக மாற்றிவிடும் எண்ணமும் புதிதல்ல. 1912இல் டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு நிலைச் சைக்கிள்கள் இருந்தன. எதிரே பெரிய வட்டத் திரை. யார் எவ்வளவு தூரம் மிதித்தார் என்பதை இரண்டு முட்கள் காட்டும். முதல் வகுப்புப் பயணிகள் கடலுக்கு நடுவில் பந்தயம் விட்டிருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் அடாரி நிறுவனம் சைக்கிள் மிதித்தால் வீடியோ கேம் நகரும்படி ஒரு கருவியைத் திட்டமிட்டது. நிறுவனம் நொடித்ததில் அது கடைக்கு வரவில்லை.

இன்று அந்த இடத்தில் நிற்பது ஸ்விஃப்ட் என்ற செயலி. 2014இல் தொடங்கிய இதில், மிதிப்பவரின் உருவம் வடோபியா என்ற கற்பனைத் தீவின் சாலையில் போகும். திரையில் மலை வந்தால், வீட்டில் உள்ள கருவியின் காந்தத் தடை தானாக இறுகி மிதி கனக்கும். முன்னால் போகும் வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றுத் தடை குறைவது போல உழைப்பும் குறையும். உலகச் சைக்கிள் சங்கமே இதை ஏற்று 2020 டிசம்பர் 9 அன்று முதல் மெய்நிகர் உலகச் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. அவரவர் வீட்டில் இருந்தபடியே போட்டியிட்டார்கள். ஆண்கள் பிரிவில் வென்ற ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன் அடிப்படையில் துடுப்புப் படகு வீரர். மறு ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் வெள்ளி வாங்கிவிட்டு, அதன் பின் தொழில்முறைச் சைக்கிள் அணியில் சேர்ந்துவிட்டார். பெண்கள் பிரிவில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன் பாசியோ வென்றார்.

விளையாட்டு என்று வந்தால் கள்ள ஆட்டமும் வரும். 2019இல் பிரிட்டனின் மெய்நிகர் சைக்கிள் சாம்பியன் பட்டம் வென்றவர், 'ட்ரான்' என்ற வேகமான மெய்நிகர் சைக்கிளைப் பெறுவதற்குத் தேவையான மலையேற்றத்தைத் தான் மிதிக்காமல் ஒரு நிரலை மிதிக்க விட்டார் என்று பிடிபட்டார். பட்டம் பறிபோனது, 250 பவுண்ட் அபராதம், ஆறு மாதத் தடை. உடம்பு இளைப்பதற்காக வாங்கிய கருவியில் உடம்பை அசைக்காமலே ஜெயிக்கப் பார்த்த அந்த மூளையை மெச்சத்தான் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் மாதச் சந்தா, தனிக் கருவி என்று செலவு உண்டு. இலவசமாக வேண்டுவோருக்கு யூடியூப்பில் நடைக் காட்சிகள் கொட்டிக் கிடக்கின்றன. டோக்கியோவின் இரவுத் தெரு, சுவிட்சர்லாந்து மலைப் பாதை, மழையில் நனையும் லண்டன். யாரோ ஒருவர் கேமராவைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நடந்திருப்பார். டிவியில் பெரிதாகப் போட்டுவிட்டு நடந்தால், கண் கேட்கும் காட்சி நகர்வு கிடைத்துவிடும்.

இந்தத் தந்திரத்தின் உச்சத்தைப் பார்க்க 400 கிலோமீட்டர் மேலே போக வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் எடையற்ற நிலையில் எலும்பும் தசையும் கரைவதால், வீரர்கள் தினமும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்தே ஆக வேண்டும். மிதந்துவிடாதபடி தோளிலும் இடுப்பிலும் வார் போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டு ட்ரெட்மில்லில் ஓடுவார்கள். 2007 ஏப்ரல் 16 அன்று சுனிதா வில்லியம்ஸ் அங்கிருந்தபடியே பாஸ்டன் மாரத்தானில் கலந்துகொண்டு 4 மணி 24 நிமிடத்தில் ஓடி முடித்தார். அந்த நேரத்துக்குள் நிலையம் பூமியை ஏறக்குறைய மூன்று முறை சுற்றிவிட்டது. கீழே பாஸ்டன் சாலையில் அவருடைய அக்கா ஓடிக்கொண்டிருந்தார். 2016இல் பிரிட்டனின் டிம் பீக் லண்டன் மாரத்தானை விண்வெளியில் 3 மணி 35 நிமிடத்தில் முடித்தார். கண்ணுக்கு எதிரே திரையில் லண்டன் வீதிகள் நகர்ந்தன. உலகிலேயே அழகான ஜன்னல் இருக்கும் வீட்டில்கூட ட்ரெட்மில்லில் ஏறினால் ஒரு டிவி தேவைப்படுகிறது.

அங்குள்ள ட்ரெட்மில்லுக்குப் பெயர் வந்ததே ஒரு டிவி நிகழ்ச்சியால்தான். 2009இல் நிலையத்தின் புதிய பகுதிக்குப் பெயர் வைக்க நாசா மக்களிடம் வாக்குக் கேட்டது. நகைச்சுவைத் தொகுப்பாளர் ஸ்டீபன் கோல்பேர் தன் ரசிகர்களைத் தூண்டிவிட்டுத் தன் பெயரை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். தர்மசங்கடப்பட்ட நாசா, அந்தப் பகுதிக்கு வேறு பெயர் சூட்டிவிட்டு, அவர் பெயரை ட்ரெட்மில்லுக்கு வைத்துச் சமாளித்தது.

பொழுதுபோக்கு தேடும் ஆர்வத்தில் சிலர் செய்யும் ஒரு காரியம் விபரீதமானது. டிவி எதிரே தெரிய வேண்டும் என்று, மெஷினின் பின்பக்கத்தைச் சுவரை ஒட்டிப் போட்டுவிடுவார்கள். ஓடும்போது கால் தடுக்கினால் பெல்ட் பின்னால் இழுத்துச் செல்லும்; அங்கே சுவர். உடம்பு சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவே சிக்கும், தோல் உரியும். பின்னால் 2 மீட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும். அப்படி வைத்தால் டிவி தெரியாது என்றால் டிவியைத்தான் நகர்த்த வேண்டும். சட்டையில் மாட்டிக்கொள்ளச் சிவப்பு நாடாவோடு வரும் சேஃப்டி கீயைப் பெரும்பாலானவர்கள் மெஷினிலேயே செருகிவிட்டு, நாடாவைத் தொங்க விட்டுவிடுகிறார்கள். விழுந்தால் மெஷினை நிறுத்துவது அந்த நாடாதான்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் வேலை முடிந்ததும் அந்தக் கீயைக் கழற்றி உயரத்தில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் பெலட்டான் நிறுவனம் 2021 மே மாதம் சுமார் 1,25,000 'ட்ரெட் பிளஸ்' மெஷின்களைத் திரும்பப் பெற்றது. பெல்ட்டுக்கு அடியில் இழுக்கப்பட்டு ஒரு குழந்தை இறந்தது; 70க்கும் மேற்பட்ட விபத்துப் புகார்கள் வந்திருந்தன.

வாட்ஸாப் பார்ப்பது வேறு கணக்கு. படம் பார்ப்பவர் தலையை நிமிர்த்திப் பார்க்கிறார். செய்தி தட்டுபவர் கழுத்தைக் குனிந்து, ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, கட்டைவிரலில் கவனத்தை வைக்கிறார். நிலை தடுமாறும், வேகமும் குறையும். வயர் இயர்போனும் வேண்டாம். வீசும் கையில் வயர் மாட்டினால் போன் பறந்து பெல்ட்டில் விழும். அதை எடுக்கக் குனியும் கணத்தில்தான் மனிதரும் விழுவார்.

எல்லா நாளும் பராக்கு தேவைப்படும் என்றும் இல்லை. வில்லியம் மார்கனும் மைக்கேல் பொல்லாக்கும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், முன்னணி மாரத்தான் வீரர்கள் மனத்தை வேறெங்கும் அலைய விடாமல் தங்கள் மூச்சையும் தசையையும் கவனித்தபடியே ஓடுகிறார்கள் என்று கண்டார்கள். சாதாரண ஓட்டக்காரர்கள்தான் வீடு கட்டுவது, பழைய நினைவு என்று மனத்தைத் திருப்புகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் வேகமாக ஓடிப் பார்க்க நினைப்பவர் அன்று டிவியை அணைத்துவிடுவது நல்லது. அந்த வேகத்தில் எப்படியும் படம் மண்டையில் ஏறாது. மற்ற நாட்களில் கதை கேட்பது குற்றமல்ல. கவனச் சிதறல் இல்லாமல் செய்தால்தான் பலன் என்று உபதேசிக்கும் பயிற்சியாளர்கள், மெஷினில் ஏறாமலே இருப்பவரின் பலன் எவ்வளவு என்று சொல்வதில்லை.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் விற்பனையாளர் இரண்டு நிமிடம் ஏற்றி இறக்கிவிட்டு, குதிரைத்திறனையும் தள்ளுபடியையும் பேசத் தொடங்கிவிடுவார். இரண்டு நிமிடத்தில் எந்த மெஷினும் அருமையாகத்தான் இருக்கும். கூச்சப்படாமல் கால் மணி நேரம் நடந்து பாருங்கள், வீட்டில் பார்க்கப்போகும் அதே நிகழ்ச்சியைப் போனில் ஓடவிட்டு, வீட்டில் வைக்கும் அதே ஒலி அளவில். போன் வைக்கும் தட்டு கண் மட்டத்தில் இருக்கிறதா, மோட்டார் சத்தத்தைத் தாண்டி வசனம் புரிகிறதா, செயலிகளோடு புளூடூத்தில் இணைகிறதா என்று கேட்டு, இணைத்தும் காட்டச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த மெஷினை வாங்காதீர்கள்.